வழிகாட்டி எண் 17

ஏப்ரல் 21, திங்கள்

இன்று காலை ஏழு நாற்பதுக்கு, என் முப்பத்தொரு ஆண்டு ஆசிரியப் பணியின் மிகப் பெரிய முடிவை எடுத்தேன். இனிமேல் சிவப்புப் பேனாவைத் தொடுவதில்லை. எதைத் திருத்தினாலும், எதை எழுதினாலும் பென்சில்தான்.

காரணத்தைப் பதிவு செய்வது அவசியம். நான் உளவியல் பேராசிரியன். என் துறை பரிபூரணவாதம். அதாவது, எதிலும் ஒரு குறையும் இருக்கக் கூடாது என்கிற பிடிவாதம் மனிதனின் தூக்கத்தையும் செரிமானத்தையும் சுற்றத்தையும் எப்படிக் கெடுக்கிறது என்பது. சிவப்பு மையைக் கண்டால் மாணவர்களுக்குப் படபடப்பு கூடுகிறது என்று பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே கட்டுரை எழுதியிருக்கிறேன். அந்தக் கட்டுரையின் அச்சுப்படியை நான் சிவப்பு மையில்தான் திருத்தினேன் என்பது நேற்று ஈஸ்டர் ஆராதனையில், பிரசங்கத்தின் நடுவே நினைவுக்கு வந்தது.

கிரேஸிடம் அறிவித்தேன். என் மனைவிக்கு எதுவும் உடனே உறைப்பதில்லை.

"எல்லாமேவா?" என்றாள்.

"எல்லாமே. விதிவிலக்கு வச்சா அது முடிவு இல்ல, யோசனை."

"சரி, பல்லு தேச்சுட்டு வாங்க. இட்லி ஆறுது."

ஓய்வுபெற இன்னும் நாற்பது நாள் இருக்கிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்

எச்.பி. பென்சில் ஆறு வாங்கினேன். எழுத்து மங்கலாக விழுகிறது.

ஏப்ரல் 23, புதன்

2பி வாங்கினேன். கையில் அப்புகிறது. மறுபடி எச்.பி.க்கே போனேன். கடைக்காரர், "பேரன் எத்தனாங் கிளாஸ் சார்?" என்று கேட்டார்.

ஏப்ரல் 25, வெள்ளி

பேச்சியம்மாள் ஆய்வேட்டை முழுசாகக் கொண்டுவந்தாள். என்னிடம் மிச்சமிருக்கும் ஒரே ஆய்வு மாணவி. ஆறு ஆண்டுகளாக இருக்கிறாள். முதல் இயலை நான் பதினொரு முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். மற்ற இயல்களை அவ்வளவு இல்லை.

அவளுடைய ஆய்வு இதுதான். தென்மாவட்டங்களில் முனைவர் பட்ட மாணவர்களுக்கு வழிகாட்டும் பேராசிரியர்கள் நாற்பத்தொரு பேர். ஒவ்வொருவரைப் பற்றியும் அவரிடம் ஆய்வு செய்தவர்களே ஒரு படிவத்தை நிரப்பியிருக்கிறார்கள். அந்தப் படிவம் நான் பத்தொன்பது ஆண்டுகளாக உருவாக்கிவரும் பரிபூரணவாத அளவுகோல். இருபத்தெட்டு வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். வழிகாட்டி அதிக மதிப்பெண் வாங்கினால் அவருடைய மாணவர்கள் குறைவாகத் தூங்குகிறார்கள் என்பது பேச்சியம்மாளின் முடிவு. நான் எதிர்பார்த்த முடிவுதான்.

"சார், கோவில்பட்டில வேலை கெடச்சிட்டு. மகளிர் கல்லூரி. நிரந்தரம்."

"நல்லது."

"ஆய்வேட்ட ஒப்படைச்ச சான்றிதழ ஜூன் ஆறுக்குள்ள குடுக்கணும்னு சொல்லுதாங்க."

"அதுக்குத்தான் இன்னும் நாள் கெடக்கே."

"நீங்க மே முப்பத்தொண்ணுல ஓய்வு சார். அதுக்குப் பொறவு உங்க கையெழுத்து செல்லாதுல்லா?"

செல்லாது, உண்மைதான். வேறு வழிகாட்டியிடம் மாற வேண்டியிருக்கும். அவர் முதல் பக்கத்திலிருந்து படிப்பார். ஓர் ஆண்டு போய்விடும். அவளுக்கு வயது முப்பத்தாறு. ஒன்பது ஆண்டுகளாகக் கௌரவ விரிவுரையாளர், அதாவது ஏப்ரலில் வீட்டுக்கு அனுப்பி ஜூலையில் திரும்பக் கூப்பிடுகிற வகை. பதற்றம் இயல்பு. அதற்காக ஆய்வேட்டைப் பார்க்காமலா கையெழுத்துப் போட முடியும்?

இந்த முறை பென்சிலில் திருத்துவதாகச் சொன்னேன். அவள் பென்சிலைப் பார்த்தாள். நெகிழ்ந்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 30, புதன்

பக்கம் 143, அட்டவணை 9. நாற்பது வழிகாட்டிகள் ஐம்பத்தெட்டுக்கும் நூற்று நான்குக்கும் இடையில் மரியாதையாக நிற்கிறார்கள். நாற்பத்தொன்றாவது ஆள், குறியீட்டு எண் வ-17, நூற்று நாற்பதுக்கு நூற்று முப்பத்தொன்பது.

மனிதரால் ஆகாத காரியம். உடனே தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"எண்ணத் தப்பா அடிச்சிருக்க. பாரு."

"பாத்துட்டேன் சார். சரியாத்தான் இருக்கு."

"எத்தன தடவ பாத்த?"

"நாலு தடவ."

"அஞ்சாவது தடவ பாரு."

மறுமுனையில் பஸ் ஹாரன் சத்தம். பிறகு, "அத அப்படியே விட்டுறலாமே சார்" என்றாள். ஆறு ஆண்டு சொல்லிக்கொடுத்து இதுதான் பலன்.

"யாரு இந்த ஆளு? எந்தக் கல்லூரி?"

"சொல்லக் கூடாதுல்லா சார். ஒப்புதல் படிவம் நீங்க எழுதிக் குடுத்ததுதான?"

அதுவும் உண்மை. பங்கேற்பவர் பெயரும் அவருடைய வழிகாட்டியின் பெயரும் எவருக்கும் தெரிவிக்கப்பட மாட்டாது என்று நான்தான் எழுதினேன். அந்த ஒரு பக்கத்துக்கு ஏழு மாதம் ஆயிற்று. குறை சொல்ல முடியாத படிவம்.

மே 2, வெள்ளி

பெங்களூரிலிருந்து மகள் பேசினாள். கிரேஸிடம்.

மே 6, செவ்வாய்

பள்ளி ஆசிரியர்களுக்கான முகாமில் என் உரை. தலைப்பு: 'போதும் என்று நிறுத்துவது எப்படி'. நாற்பத்தைந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். இரண்டு மணி பத்து நிமிடம் பேசினேன். அப்படியும் கடைசிப் பகுதியை, அதாவது நிறுத்தும் முறையை, விட வேண்டியதாயிற்று. பின் வரிசையில் ஓர் ஆசிரியை எழுந்து, "சார், எங்க ஊருக்குக் கடைசி பஸ்ஸு போயிரும்" என்றார். மனநலத்தில் நம் மக்களுக்கு உள்ள ஆர்வம் இவ்வளவுதான்.

உரைக்குப் பிறகு என் அளவுகோலைக் கொடுத்து நிரப்பச் சொன்னேன். வழக்கம்போல எல்லோரும் எல்லாவற்றுக்கும் 'ஓரளவு' என்ற நடுக்கட்டத்தில் குறி போட்டிருந்தார்கள். நம் ஊரில் யாரும் யாரையும் எழுத்தில் பகைத்துக்கொள்வதில்லை. ஒருவர், "மேடம், நீங்க என்ன போட்டீங்களோ அதையே எனக்கும் போட்டுருங்க" என்று பேனாவோடு படிவத்தையும் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

அதனால்தான் வ-17 இன்னும் உறுத்துகிறது. அவரைப் பற்றி எழுதிய மூன்று பேரும் நடுக்கட்டத்தை ஒரு முறைகூடத் தொடவில்லை.

மே 9, வெள்ளி

மூலப் படிவங்களை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். பெயரை மறைத்து, மூன்று ஆண்டுக்கு முன் நிரப்பிய மூன்று படிவங்களையும் பேச்சியம்மாள் மேசையில் வைத்தாள்.

முதல் ஆள் நான்காம் ஆண்டில் ஆய்வை விட்டுவிட்டவர். இரண்டாம் ஆள் ஒன்பது ஆண்டில் பட்டம் வாங்கி இப்போது மாத்திரை போட்டுத் தூங்குகிறவர். மூன்றாம் ஆளும் விட்டுவிட்டவர். இருவர் நூற்று நாற்பது கொடுத்திருக்கிறார்கள், முதல் ஆள் நூற்று முப்பத்தேழு. சராசரி நூற்று முப்பத்தொன்பது.

முதல் ஆள் 'பிற கருத்துகள்' பகுதியில் எழுதியிருப்பது: "என் முன்னுரையைப் பதினாறு முறை திருத்தினார். பதினேழாவது முறை அவர் எழுதித் தந்தது நான் முதன்முதலில் எழுதியது."

இப்படியும் ஒரு மனிதர். என்னிடம் தாணுமூர்த்தி என்று ஒரு மாணவன் இருந்தான். அவன் முன்னுரையும் இப்படித்தான் கடைசியில் முதல் வடிவத்துக்கே வந்தது. ஆனால் அது வேறு விஷயம். முதல் வடிவம் சரியாக இருக்கிறது என்பது மற்ற பதினாறையும் பார்த்த பிறகுதானே தெரியும்.

அந்த மூன்று மதிப்பெண் எங்கே குறைந்தது என்று தேடினேன். வாக்கியம் 22: 'அவரைப் பார்க்கக் காத்திருந்த நேரங்களில் யாரும் என்னைப் பொருட்படுத்தியதில்லை.' ஐந்துக்குப் பதில் இரண்டு போட்டு, ஓரத்தில் எழுதியிருக்கிறார்: "அம்மா காபி கொண்டுவருவார்கள். இரண்டாவது காபி வந்தால் சார் இன்றைக்குப் பார்க்க மாட்டார் என்று பொருள்."

வ-17இன் மனைவி பாவம்.

"இவரு சிகிச்சைக்குப் போக வேண்டிய ஆளு" என்றேன். "இவர வச்சுக்கிட்டு சராசரி எடுத்தா மொத்த ஆய்வும் சாஞ்சிரும். நீக்கிரு."

பேச்சியம்மாள் சன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர எடுத்துட்டா முடிவே வராது சார். தூங்காதவங்க எல்லாம் அங்கதான் இருக்காங்க."

"அப்ப மூணு பேர்ட்டயும் மறுபடி நெரப்பி வாங்கிட்டு வா."

"இன்னும் இருவத்திரெண்டு நாள்தான் சார் இருக்கு."

"அதனாலதான் இன்னைக்கே சொல்லுதேன்."

கிரேஸ் உள்ளே வந்து காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

மே 13, செவ்வாய்

ஓய்வூதியப் படிவங்கள் திரும்பி வந்துவிட்டன. அலுவலகத்துக்கு நேரில் போனேன். பிரிவு அலுவலர் காந்திமதிநாதன் பதினெட்டு ஆண்டுகளாக எனக்குத் தெரிந்தவர். என் கோப்புகளைக் கண்டாலே கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவார்.

"சார், இது என்னது?"

"கையெழுத்து."

"பென்சில்ல போட்டிருக்கீங்க. நாளைக்கு எவனாவது அழிச்சிட்டுத் தன் பேர எழுதினா, பென்ஷன உங்களுக்குக் குடுக்கவா, அழிரப்பருக்குக் குடுக்கவா?"

என் கொள்கையை விளக்கினேன். சிவப்பு மையும் பதற்றமும் பற்றி ஒரு கால் மணி நேரம். அவர் கேட்டு முடித்து, நீலப் பேனா ஒன்றை மூடி கழற்றி நீட்டினார்.

வேறு வழியில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு: கையெழுத்து மட்டும் மையில். மற்றதெல்லாம் பென்சில். கிரேஸிடம் சொன்னேன். "அப்ப அது யோசனையா?" என்றாள்.

மே 17, சனி

பேச்சியம்மாள் வந்தாள். நாகர்கோவிலுக்கு இரண்டு தடவை, தென்காசிக்கு ஒரு தடவை போய், மூன்று படிவங்களையும் புதிதாக நிரப்பி வாங்கியிருக்கிறாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது.

மூன்று ஆண்டு இடைவெளி. எண்பத்து நான்கு பதில்கள். ஒன்றுகூட மாறவில்லை. வாக்கியம் 22க்கு மறுபடியும் இரண்டுதான், ஓரத்தில் மறுபடியும் காபி.

இது பெரிய சங்கடம். ஒரே ஆட்களிடம் மறுபடி கேட்டு அதே பதில் வந்தால் அளவுகோல் நம்பகமானது என்பது பால பாடம். இவ்வளவு துல்லியம் எந்த நூலிலும் நான் பார்த்ததில்லை. என் அளவுகோல் சரி என்றால் வ-17 இருக்கிறார். வ-17 என்று ஒருவர் இருக்க முடியாது என்றால் என் பத்தொன்பது ஆண்டு உழைப்பில் பிழை இருக்கிறது.

அளவுகோலில் பிழை இல்லை.

முடிவை ஒத்திவைத்தேன். அடிக்குறிப்புகளின் இடைவெளி எல்லாப் பக்கங்களிலும் ஒரே மாதிரி இல்லை. அதைச் சரிசெய்துவரச் சொன்னேன்.

மே 21, புதன்

காலை ஒன்பதரைக்கே பேச்சியம்மாள் வந்துவிட்டாள். நான் மூன்றாம் இயலின் ஓர விளிம்புகளை அளவுகோலால், அதாவது மரத்தாலான அளவுகோலால், அளந்துகொண்டிருந்தேன். முன்னறையில் காத்திருக்கச் சொன்னேன்.

பதினொன்றே காலுக்கு முன்னறையில் டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. கிரேஸின் குரல்:

"இன்னைக்குப் பாக்க மாட்டாரும்மா. வெயில் ஏறுததுக்கு முன்னால நீ போயிட்டு வா."

"பரவால்ல அம்மா. இருக்கேன்."

"மொதக் காபியில இருந்துட்டு ரெண்டாவதுல போயிருவான் அந்தப் பையன். நாகர்கோயில்காரன். நீதான் உக்காந்தே கெடக்க."

"யாரு, தாணு அண்ணனா?"

"அவன்தான். நல்ல பையன். கடைசியா வந்தன்னைக்கு டம்ளர அவனே கழுவி வச்சுட்டுப் போனான்."

நான் விளிம்பை அளப்பதை நிறுத்தினேன். பக்கம் 143ஐ எடுத்து வைத்துக்கொண்டேன். அதில் திருத்த எதுவும் இல்லை. பன்னிரண்டு மணி வரை பார்த்தேன், அப்போதும் இல்லை. மின்விசிறி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றுகிறது. ஆள் விட்டுப் பார்க்க வேண்டும்.

பன்னிரண்டு மணிக்கு அவளை உள்ளே கூப்பிட்டேன்.

"வ-17 இருக்கட்டும்" என்றேன்.

"சார்?"

"நீக்க வேண்டாம். அட்டவணை அப்படியே இருக்கட்டும். அடிக்குறிப்பும் வேண்டாம். நாலு படி கட்டிட்டு வா, கையெழுத்துப் போடுதேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெயிலில் வந்தவளுக்கு எரியத்தான் செய்யும். வாசல்வரை போனவளைக் கேட்டேன்:

"தாணு எப்படி இருக்கான்?"

திரும்பி நின்றாள். "நல்லா இருக்காங்க சார். வாழக்கா மண்டி வச்சிருக்காங்க. நல்லாத் தூங்குதாங்களாம்."

மே 22, வியாழன்

கிரேஸ் காலையில் காபி கொண்டுவந்தாள். ஒன்றுதான் கொண்டுவந்தாள். எதற்கும் கேட்டுவைத்தேன், "இன்னொன்னு உண்டா?" என்று. "நீங்க யாருக்குக் காத்திருக்கீங்க?" என்றாள்.

மே 26, திங்கள்

நாலு படியும் வந்துவிட்டன. கறுப்பு அட்டை, பொன் எழுத்து. மூன்றாம் படியின் பொன் எழுத்து ஒரு மயிரிழை இடப்பக்கம் தள்ளியிருக்கிறது. சொல்லவில்லை. இதையும் பதிவு செய்கிறேன்: சொல்லவில்லை.

பேச்சியம்மாள் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து நீட்டினாள். "இது பேனா சார்." காந்திமதிநாதன் பேசியிருக்கிறார். நாலு படியின் முன்பக்கத்திலும் உள்ள வழிகாட்டிச் சான்றிதழில் மையில் கையெழுத்திட்டேன். ஒவ்வொன்றையும் அவள் உற்றுப் பார்த்து, ஊதிக் காயவைத்து மூடினாள்.

இனி மிச்சம் ஒன்றுதான். ஆய்வேட்டை மதிப்பிடத் தகுதியான வெளிமாநிலப் பேராசிரியர்கள் எட்டுப் பேரின் பட்டியலை வழிகாட்டி தன் கைப்பட எழுதி, உறையில் ஒட்டி, ஆய்வேட்டோடு தர வேண்டும். அது ரகசியம். மாணவர் பார்க்கக் கூடாது. உறை இல்லாமல் ஆய்வேட்டை வாங்க மாட்டார்கள்.

"நாளைக்குத் தந்துருவீங்களா சார்?"

"இந்த வாரத்துக்குள்ள."

அவசரப்பட்டுச் செய்கிற காரியம் அல்ல. யாரை முதலில் போடுகிறோம் என்பதில் எல்லாம் இருக்கிறது. முதல் இருவரிடம்தான் அனுப்புவார்கள். கண்டிப்பானவரிடம் போனால் அவளுக்கு இன்னும் ஓர் ஆண்டு. இளகியவரிடம் போனால் ஆய்வுக்கு மரியாதை இல்லை. சரியான வரிசையை அவளுக்குச் செய்து கொடுத்துவிட வேண்டும். என்னால் ஆனது அது.

மே 28, புதன்

பதினான்கு விதமாக வரிசைப்படுத்திப் பார்த்தேன். பென்சிலின் அருமை இப்போதுதான் தெரிகிறது. அடித்தல் இல்லை, கிறுக்கல் இல்லை, யார் மனமும் புண்படவில்லை. படிவத்தின் அடியில் என் கையெழுத்தை மட்டும் மையில் போட்டுவிட்டேன். விதிவிலக்குப்படி.

பேச்சியம்மாள் மூன்று முறை கூப்பிட்டாளாம். கிரேஸ் அறைவாசலில் நின்று, "உறைய ஒட்டியாச்சான்னு கேக்கா" என்றாள்.

"நாளைக்கு."

"நாளைக்குன்னு நான் நேத்தே சொல்லிட்டேன்."

மே 30, வெள்ளி

நாளை சனிக்கிழமை, அலுவலகம் இல்லை. அதனால் பிரிவுபசாரம் இன்றே. ஒரு சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம். துறைத்தலைவர் என்னை 'நுணுக்கத்தின் மறுபெயர்' என்றார். கடிகாரம் நான்கு நிமிடம் பின்தங்கி ஓடுகிறது.

மேடையில் இருந்தபோதும் உறை என் சட்டைப்பையில்தான் இருந்தது. ஏற்புரைக்கு முன் மூன்றாம் பெயரையும் ஐந்தாம் பெயரையும் இடம் மாற்றினேன். ஏற்புரைக்குப் பின் பழையபடியே மாற்றினேன். கடைசி வரிசையில் பேச்சியம்மாள் நாலு ஆய்வேட்டையும் மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு நாற்பதுக்கு உறையை எடுத்தேன். பட்டியலை இன்னும் மேம்படுத்த இடமிருந்தது. முதல் பெயரைப் பற்றி ஒரு சந்தேகம் இருக்கத்தான் செய்தது. ஆனாலும் ஒட்டினேன். ஒட்டி, ஒட்டின இடத்தில் கையெழுத்திட்டு அவள் கையில் கொடுத்தேன்.

அவள் ஓடினாள். ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது திரும்பி வந்தாள். மூச்சு வாங்கியது.

"வாங்கிட்டாங்க சார். செவ்வாக்கெழம உறையப் பிரிச்சுப் பாத்துட்டு, அன்னைக்கே சான்றிதழ் குடுத்துருவாங்களாம்."

"நல்லது."

"அம்மாட்ட சொல்லிருங்க சார். சந்தோசப்படுவாங்க." பிறகு, எதிர்பாராத விதமாக, குனிந்து என் காலைத் தொடப் போனாள். வேண்டாம் என்று தடுத்தேன். சால்வையை அவளிடமே கொடுத்தேன். வேண்டாம் சார் என்றாள். வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து கிரேஸிடம் சொன்னேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "ஒட்டிட்டீங்களா? நெசமாவா?" என்று இரண்டு தடவை கேட்டாள். முப்பத்தொரு ஆண்டில் ஒரு காரியத்தைப் போதும் என்று உரிய நேரத்தில் நிறுத்தியிருக்கிறேன். அதை முகாமில் சொல்லியிருக்கலாம்.

மே 31, சனி

ஓய்வு பெற்றேன். ஆறில் இரண்டு பென்சில் மீதி.

ஜூன் 3, செவ்வாய்

மின்விசிறியைச் சரிசெய்ய ஆள் வந்தார். இன்னும் ஒரு பக்கமாகத்தான் சுற்றுகிறது. போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். கிரேஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஜூன் 9, திங்கள்

பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடித நகல் வந்திருக்கிறது. நாள் ஜூன் 4, ஒப்பம் காந்திமதிநாதன். தெளிவாக எழுதப்பட்ட கடிதம். மதிப்பீட்டாளர் பட்டியல் பென்சிலால் எழுதப்பட்டிருப்பதாலும், அழித்து எழுதிய தடங்கள் காணப்படுவதாலும், அதை ஏற்க விதிகளில் இடமில்லை. பணியிலுள்ள வழிகாட்டி ஒருவரால் புதிய பட்டியல் அளிக்கப்பட வேண்டும். முன்னாள் வழிகாட்டி ஓய்வு பெற்றுவிட்டபடியால், ஆய்வாளர் பேச்சியம்மாள் வழிகாட்டி மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். நாலு ஆய்வேடுகளும் திருப்பி அனுப்பப்படுகின்றன.

கோவில்பட்டிக் கல்லூரியில், தேர்வுப் பட்டியலில் அடுத்து இருந்தவர் சனிக்கிழமை வேலையில் சேர்ந்தார்.